இருபது மணி நேரக் கணக்கு

ஐரோப்பாவில் முகாம் வண்டிகளில் உல்லாசப் பயணம் போவோரிடம் ஒரு கணக்கு உலவுகிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1200 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஆகவே இன்வெர்ட்டர் வைத்தால் 60 வாட் சிறு குளிர்பதனப் பெட்டி 20 மணி நேரம் ஓடுமாம்! வகுத்தல் சரியே. ஆனால் ஈய-அமில பாட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். கைக்கு வருவது 600தான். இன்வெர்ட்டரில் நூற்றுக்குப் பதினைந்து வெப்பமாகப் போனால் மிச்சம் 510, அதாவது எட்டரை மணி நேரம். கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் இது சற்று நீளும் என்பது உண்மைதான். எனினும் அது ஓய்ந்திருக்கும்போதும் இன்வெர்ட்டர் சில வாட்டுகளைத் தின்றுகொண்டேயிருக்கும். மேலும், மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 100 வாட் இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் நின்றுவிட்டால் காலையில் பால் திரிந்திருக்கும். 12 வோல்ட்டில் நேராக இயங்கும் கம்ப்ரசர் பெட்டிகள் கிடைக்கையில், 230 வோல்ட்டுக்கு ஏற்றுவானேன்?