கல்லை அளந்தவர்களும் மணலை அளப்பவர்களும்: பழவேற்காட்டில் டச்சுக் கட்டுமானம்

பழவேற்காட்டைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கல்லைத்தான் எழுதியிருக்கிறார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610-இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று இங்கே பண்டகசாலை வைத்தது. 1612-இல் சாந்தோம் போர்ச்சுக்கீசியர் அதைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் இந்த ஊரிலிருந்தே நிர்வகிக்கப்பட்டது. துணி ஏற்றுமதியானது, வெடிமருந்து இங்கேயே தயாரானது, பஞ்ச காலங்களில் மனிதர்களும் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். மரபுரிமை நடை நடத்துபவர்கள் துணியின் பெருமையைச் சொல்லும் அதே குரலில் இதையும் சொல்ல வேண்டும்.

இந்த வணிக வரலாற்றுக்கு இரண்டு நூல்கள் அடித்தளம். ஒன்று, கோரமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனி பற்றித் தபன் ராய்சௌத்ரி 1962-இல் வெளியிட்டது. மற்றொன்று, அதே கரையின் வணிகர்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் 1986-இல் வெளியிட்டது. கம்பெனியின் ஆவணங்களை வைத்துக்கொண்டே உள்ளூர் வணிகரின் கணக்கையும் கடனையும் படித்துக் காட்டியதால் அரசரத்தினத்தின் நூல் எனக்கு நெருக்கமானது.

கட்டடங்களுக்கு முன்னோடி அலெக்சாண்டர் ரீ. தொல்லியல் துறைக்காகச் சென்னை மாகாணத்து டச்சு எச்சங்களை அளந்து வரைந்து 1897-இல் வெளியிட்டார். கோட்டை இன்று அகழி சூழ்ந்த முள்காட்டு மேடு. ஆனால் கல்லறைத் தோட்டம் நிற்கிறது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், ஒன்றிடம் மணற்கடிகாரம், மற்றொன்றிடம் மண்டையோடு. உள்ளே 76 கல்லறைகள். பலகைக் கற்களில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்தும் இன்றும் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. அடியில் கிடப்பவர்களின் பெயர் நமக்குத் தெரியும். வெட்டிய கல்தச்சர்களின் பெயர் தெரியாது.

இவ்வளவு கல்லும் இங்கே வந்ததற்குக் காரணம் தண்ணீர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், ஏரி கடலைத் தொடும் தெற்கு முகத்துவாரம் நம் பக்கம். வெள்ளை இறால் குஞ்சும் மடவையும் கடலிலிருந்து ஏரிக்குள் வருவது அந்த வாயில் வழியாகத்தான். ஆண்டின் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு பெருகினால் அந்த மணலை அடித்துக்கொண்டு போகும். பிச்சாட்டூர் அணை போன்ற மேல்மடைத் தேக்கங்கள் வந்தபின் அந்த வேகம் குறைந்தது. வாய் அடைபட்டால் படகு கடலுக்குப் போகாது, கோடையில் ஏரியில் உப்பு ஏறும். ஊர்க்காரர்கள் பணம் பிரித்து ஜேசிபி வைத்தும், கையாலும் மணலைத் தோண்டித் திறந்திருக்கிறார்கள்.

முகத்துவாரத்தை ஒட்டிய மீன்பிடிப் பரப்புக்குப் 'பாடு' என்ற முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களின் தலைக்கட்டுகள் இறால் பாடுகளை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். வலை கட்டும் இடத்துக்கே இப்படி ஒரு நியாயம் வகுத்திருக்கிறார்கள். இதை ஆராய்ந்த சாரா கூல்தார்ட் மறுபக்கத்தையும் காட்டினார்: பாட்டில் இடமில்லாதவர்கள் நண்டு வலை போன்ற வேறு வழிகளைத் தேடிப்போக நேர்கிறது. கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் இந்த முறைக்கு வெளியேதான் இருக்கிறார்கள். பாட்டைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடக் கூடாது.

டச்சுக்காரர்கள் இப்போது வேறு வேலையாக வருகிறார்கள். ராட்டர்டாமின் 'ஊஸ்' கட்டடக்கலைக் குழு, சென்னையின் மெட்ராஸ் டெரஸ் முதலான பல அமைப்புகளோடு சேர்ந்து 'ஆயிரம் குளங்களின் நகரம்' என்ற திட்டத்தை வகுத்தது. 2018-இல் நெதர்லாந்து அரசு தொடங்கிய நீர்த் திட்டத்தின் பகுதி அது. மழையையும் கழிவுநீரையும் அந்தந்த இடத்திலேயே பிடித்து, தாவரப் படுகையில் சுத்தம் செய்து, நிலத்துக்குள் விடுவதுதான் அதன் வழி. லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளி வளாகத்தில் அதைச் செய்தும் காட்டினார்கள். கட்டடக் கலைஞர் நீரின் ஓட்டத்தையே வடிவமைக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இது சென்னை நகரத்தின் தாகத்துக்கான விடை. பழவேற்காட்டின் நோய் மணல்.

மணலுக்கும் டச்சுப் பாடம் ஒன்று உண்டு. 2011-இல் தெற்கு ஹாலந்துக் கரையில் 2 கோடி 15 லட்சம் கனமீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டினார்கள். அலையும் காற்றும் அதைக் கரை நெடுகப் பரப்பும் என்பது கணக்கு. நமக்கு இன்னும் பக்கத்துப் பாடம் சிலிகா. 2000-இல் அங்கே புதிய முகத்துவாரம் வெட்டியபின் மீன்வளம் விரைவாக மீண்டது. இங்கே அரசு கையில் எடுத்திருக்கும் வழி, இருபுறமும் கல்சுவர் கட்டி வாயை நிலைநிறுத்துவது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் அலைத்தடுப்புகள் ஏற்கெனவே மணலின் போக்கில் குறுக்கே நிற்கின்றன. ஆகவே இந்தச் சுவரைத் தனியாகக் கணக்கிட முடியாது. வடக்கே எந்தக் குப்பத்தின் கரை அரிக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வரலாற்றாசிரியர் கோட்டையையும், மீன்வள ஆய்வாளர் பாட்டையும், பொறியாளர் மணலையும் தனித்தனியே படிக்கும்வரை இந்தக் கணக்கு முழுமையாகாது. வாய் நூறு மீட்டர் நகர்ந்தாலும் எந்தப் பாடு மேடாகும், எது ஆழமாகும் என்பது வலை கட்டுபவருக்குத் தெரியும். கல்லறைகளை ரீ அளந்த அதே பொறுமையோடு ஒவ்வொரு பாட்டின் ஆழத்தையும் ஓட்டத்தையும் பருவத்துக்குப் பருவம் அளந்து, அந்த ஊர்களின் பெயரோடு வரைபடத்தில் ஏற்ற வேண்டும். சுவரின் நீளத்தை முடிவு செய்யும் மேசைக்கு அந்த வரைபடம் முதலில் போக வேண்டும். அதன் முன்னால் பாட்டுக்காரரும் இருளரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.