ஏபால் மலை ஈயத் தகடு: விவிலியத் தொல்லியல் செய்திகள் குறித்த ஒரு திறனாய்வு

ஏபால் மலை ஈயத் தகடு என்பது மேற்குக் கரையில் நாப்லுஸ் நகரை ஒட்டியுள்ள ஏபால் மலையிலிருந்து கிடைத்த, மடிக்கப்பட்ட சிறு ஈயத் துண்டாகும். இதன் நீளமும் அகலமும் ஏறத்தாழ 2 செ.மீ. மட்டுமே. இதனுள் இஸ்ரவேலரின் கடவுள் பெயருடன் கூடிய பழைய எபிரேயச் சாபம் எழுதப்பட்டுள்ளது என்று 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபோது உலகெங்கும் அது தலைப்புச் செய்தியானது. அடுத்த ஆண்டே தொல்லியலாளர் பலர் அதை மறுத்தனர். பண்டைய யூத சமயம் பற்றிய கண்டுபிடிப்புகள் இன்று செய்தியாகும் முறையையும், அம்முறையின் குறைகளையும் அறிய இத்தகடு தக்க சான்றாகும்.

பின்னணி

உபாகமம் 27ஆம் அதிகாரத்திலும் யோசுவா 8ஆம் அதிகாரத்திலும் ஏபால் மலை இடம்பெறுகிறது. யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் கெரிசீம் மலையில் ஆசீர்வாதத்தையும் ஏபால் மலையில் சாபத்தையும் கூற வேண்டும் என்பதும், ஏபாலில் கற்களால் பலிபீடம் கட்ட வேண்டும் என்பதும் அங்குள்ள கட்டளைகள். தமிழ் விவிலிய வாசகர்கள் இப்பெயரை அறிந்திருப்பது இப்பகுதிகளின் வழியாகவே. இரு மலைகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கில்தான் பண்டைய சீகேம் நகர் இருந்தது.

இஸ்ரேலியத் தொல்லியலாளர் ஆதாம் செர்தால் 1980இல் மலைப்பகுதிக் கள ஆய்வின்போது இங்கே ஒரு பெரிய கற்குவியலைக் கண்டார். 1982 முதல் 1989 வரை அதை அகழ்ந்தார். சாம்பல், விலங்கு எலும்புகள், எகிப்திய ஸ்கராப் முத்திரைகள் ஆகியவை கிடைத்தன. இக்கட்டடம் கி.மு. 13, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பலிபீடம் என்றும், யோசுவா நூல் குறிப்பிடும் பீடத்துடன் தொடர்புடையது என்றும் அவர் கருதினார். அகரோன் கெம்பின்ஸ்கி இதை மறுத்து, அது ஒரு காவற்கோபுரம் என்றார். வழிபாட்டிடம் என்பதை ஏற்றவர்களிலும் பலர் அதை யோசுவாவுடன் இணைக்க முன்வரவில்லை. ஆகவே தகடு வெளிவரும் முன்பே இவ்விடம் விவாதத்திற்குரியதாக இருந்தது.

அறிவிப்பு

அமெரிக்காவின் ‘அசோசியேட்ஸ் ஃபார் பிப்ளிகல் ரிசர்ச்’ என்னும் கிறித்தவ ஆய்வமைப்பைச் சேர்ந்த ஸ்காட் ஸ்டிரிப்ளிங் தலைமையிலான குழு, செர்தாலின் அகழாய்வில் கொட்டப்பட்ட கழிவு மண்ணை எடுத்து நீரில் அலசிச் சலித்தது. 2019 டிசம்பரில் தகடு அகப்பட்டது. அதைப் பிரித்தால் உடையும் என்பதால் செக் நாட்டின் பிராக் நகரில் சி.டி. ஸ்கேன் வகையிலான ஊடுகதிர்ப் படங்கள் எடுக்கப்பட்டன. அப்படங்களை ஹைஃபா பல்கலைக்கழகத்தின் கெர்ஷோன் காலில், ஜெர்மனியின் பீட்டர் வான் டெர் வீன் ஆகிய இருவரும் படித்தனர்.

2022 மார்ச் 24 அன்று ஹூஸ்டனில் செய்தியாளர் சந்திப்பு நடந்தது. தகட்டினுள் சுமார் 40 எழுத்துகள் இருப்பதாகவும், சபிக்கப்படுதலைக் குறிக்கும் சொல் மீண்டும் மீண்டும் வருவதாகவும், கடவுளின் பெயர் ‘யாவ்’ என்னும் மூன்றெழுத்து வடிவில் உள்ளதாகவும் கூறப்பட்டது. இதை எழுதியவரால் விவிலியத்தின் எந்த அதிகாரத்தையும் எழுத முடிந்திருக்கும் என்னும் பொருளில் காலில் பேசினார். அப்போது ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருக்கவில்லை. தகட்டின் உட்புற எழுத்துகளைக் காட்டும் படங்களும் பிற அறிஞர் கைக்கு வந்திருக்கவில்லை. கட்டுரை 2023 மே மாதம் ‘ஹெரிடேஜ் சயின்ஸ்’ இதழில் வந்தது. இடையே 14 மாதங்கள் கடந்திருந்தன.

எது பணயம்?

இவ்வாசிப்பு சரியெனில் அதன் விளைவு பெரிது. இஸ்ரவேல் என்னும் மக்களைக் குறிப்பிடும் மிகப் பழைய சான்றாகப் பெரும்பாலோர் ஏற்பது எகிப்தின் மெர்னப்தா கல்வெட்டு. அதன் காலம் கி.மு. 1208 அளவில். யாவே என்னும் பெயரை இஸ்ரவேலரின் கடவுளாகத் தெளிவாகக் குறிப்பிடும் பழைய விவிலியப் புறச்சான்று, மோவாப் அரசன் மேசாவின் கல்வெட்டு, அது கி.மு. 9ஆம் நூற்றாண்டினது. எபிரேய மொழியிலான பொறிப்புகளும் கி.மு. 10ஆம் நூற்றாண்டு அளவிலிருந்தே பேசப்படுகின்றன. ஈயத் தகட்டைக் குழுவினர் பிந்தைய வெண்கலக் காலத்தில் வைத்தனர். அப்படியானால் எபிரேய எழுத்தின் வரலாறு சில நூற்றாண்டுகள் பின்னோக்கி நகரும். மோசேயின் காலத்தில் எபிரேயத்தில் எழுதக்கூடியவர் இருந்தனர் என்னும் வாதத்திற்கும் அது துணையாகும். ஆகமங்கள் பல நூற்றாண்டுகளில் படிப்படியாகத் தொகுக்கப்பட்டன என்னும் ஆய்வு மரபுக்கு எதிராக இத்தகடு முன்வைக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

இவ்வளவு கனத்த முடிவைத் தாங்க வேண்டியது 2 செ.மீ. ஈயத்தின் உட்புறக் கோடுகள். பாரம் கூடினால் தூணின் வலுவும் கூட வேண்டும். இங்கே அது நிகழவில்லை.

மறுப்புகள்

2023 இறுதியில் ‘இஸ்ரேல் எக்ஸ்ப்ளொரேஷன் ஜர்னல்’ இதழில் மறுப்புக் கட்டுரைகள் வெளிவந்தன. பார் இலான் பல்கலைக்கழகத்தின் அரேன் மாயிர், பழஞ்செமித்திய எழுத்தியல் அறிஞர் கிறிஸ்டோபர் ரோல்ஸ்டன் ஆகியோர் வெளியிடப்பட்ட படங்களில் எழுத்துகளை இனங்காண முடியவில்லை என்றனர். எழுத்துகளாகக் காட்டப்பட்டவை ஈயத்தின் கீறல்களும் குழிகளும் என்பது அவர்கள் முடிவு. அமிகாய் மசார் அப்பொருள் மீன்வலையில் கட்டும் ஈயக் குண்டாக இருக்கலாம் என்றார். ஈயத் துண்டை மடித்து வலைக்கயிற்றில் இறுக்குவது மத்தியதரைக் கடற்பகுதியில் அறியப்பட்ட பழைய வழக்கம். கடலிலிருந்து விலகிய மலையில் வலைக்குண்டு எப்படி வந்தது என்ற கேள்வி இதற்கும் உண்டு. ஆனால் வலைக்குண்டு என்னும் விளக்கம் தவறினாலும் தகட்டில் எழுத்து இருப்பதாக ஆகிவிடாது. இவ்விரு வினாக்களையும் பல செய்திகள் ஒன்றாகக் குழப்பின.

காலக்கணிப்பிலும் இடர்ப்பாடு உண்டு. தகடு அகழாய்வுக் குழியின் குறிப்பிட்ட அடுக்கில் கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கொட்டப்பட்ட மண்ணில் கிடைத்தது. கழிவு மண்ணை மீண்டும் சலிப்பது பயனுள்ள முறை. கண் தவறிய சிறு பொருள்கள் அதனால் மீட்கப்படுகின்றன. ஆனால் அப்படிக் கிடைத்த பொருளுக்கு எந்த அடுக்கு உரியது என்று சொல்ல இயலாது. ஈயம் கிரேக்க நாட்டு லாவ்ரியோன் சுரங்கத்தினது என்னும் வேதியியல் முடிவு முன்வைக்கப்பட்டது. உலோகம் எங்கிருந்து வந்தது என்பதை அது காட்டலாம். அதன்மேல் எழுத்து உள்ளதா, அது எம்மொழி என்பதற்கு அது சான்றாகாது.

ஒரே கருவி, இரு வாசிப்புகள்

ஊடுகதிர்ப் படத்தின் மூலம் மூடிய ஆவணத்தைப் படிப்பது ஐயத்திற்குரிய முறை அன்று. எங்கேதி சுருள் இதற்குச் சான்று. சாக்கடல் கரையிலுள்ள எங்கேதியின் பழைய ஜெபஆலயத்தில் 1970இல் கரிக்கட்டையாகக் கிடைத்த இச்சுருளைத் தொட்டாலே உதிரும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழு இதன் ஊடுகதிர்ப் படங்களிலிருந்து சுருளைக் கணினியில் ‘விரித்தது’. லேவியராகமத்தின் தொடக்கப் பகுதி தெரிந்தது. இதுவும் 2015இல் செய்தியாகி, 2016இல்தான் கட்டுரையாக வந்தது. எனவே செய்தியாளர் சந்திப்பு முந்தியது என்பது மட்டுமே குற்றமாகாது.

வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. எங்கேதிப் படத்தில் வரிவரியாக எழுத்துகள் நிற்கின்றன. எபிரேயம் கற்ற மாணவரும் படிக்கலாம். கிடைத்த பாடம் முன்பே அறியப்பட்ட நூலுடன் ஒத்ததால் சரிபார்க்க அளவுகோலும் இருந்தது. ஏபால் தகட்டில் படமும் வரைபடமும் அருகருகே வைக்கப்பட்டால், வரைபடத்தில் உள்ளதைப் படத்தில் காண வாசிப்பாளரின் சொல்லை நம்ப வேண்டியிருக்கிறது. எழுதும் திசையும் எழுத்தின் நிலையும் பலவாறு மாறலாம் என்று கொண்டால், எந்தக் கீறலும் ஏதேனும் ஓர் எழுத்தாகிவிடும்.

எருசலேமின் கெத்தேப் இன்னோம் வெள்ளித் தாயத்துகள் இன்னொரு ஒப்பீடு. காப்ரியேல் பார்காய் 1979இல் கல்லறை அகழாய்வில் இவற்றைக் கண்டெடுத்தார். சுருட்டிய வெள்ளித் தகடுகளைப் பிரிக்கவே ஆண்டுகள் பிடித்தன. எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து ஆசாரிய ஆசீர்வாதத்தை ஒத்த வாசகம் வெளிப்பட்டது. வாசிப்பில் ஐயம் எழுந்ததால் புதிய ஒளிப்பட முறையில் மீண்டும் ஆராய்ந்து 2004இல் மறுபதிப்புச் செய்தனர். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்னும் காலம் அதனால் வலுப்பெற்றது. சாக்கடல் சுருள்களுக்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய இச்சான்று, ஆரவாரமின்றியே பண்டைய யூத வழிபாட்டு வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது.

திரும்பத் திரும்ப நிகழ்வது

ஏபால் தகடு தனி நிகழ்வன்று. 2002 அக்டோபரில் யாக்கோபை யோசேப்பின் மகனாகவும் இயேசுவின் சகோதரனாகவும் குறிக்கும் எலும்புப் பேழை அறிவிக்கப்பட்டது. அது அகழாய்வில் கிடைத்ததன்று. தனியார் சேகரிப்பிலிருந்து வந்தது. 2003இல் இஸ்ரேல் தொல்பொருள் ஆணையத்தின் குழு பொறிப்பைப் போலி என்றது. நீண்ட வழக்கின் முடிவில், 2012இல், உரிமையாளர் ஓதேத் கோலான் போலி செய்த குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பு. பொறிப்பு உண்மையானது என்று நீதிபதி கூறவில்லை. ஆயினும் ‘நீதிமன்றம் உறுதி செய்தது’ என்பதுபோல் அது பரப்பப்பட்டது.

வாஷிங்டனில் 2017இல் திறக்கப்பட்ட விவிலிய அருங்காட்சியகம் தன்னிடமிருந்த சாக்கடல் சுருள் துணுக்குகள் 16உம் நவீனப் போலிகள் என 2020இல் அறிவித்தது. தவற்றைத் தானே ஆய்வுக்கு உட்படுத்தி வெளியிட்டது அந்நிறுவனத்திற்குப் பெருமை. யோர்தானின் தல் எல்-ஹம்மாம் நகரம் வானில் வெடித்த விண்பொருளால் அழிந்தது, அதுவே சோதோம் கதைக்கு மூலமாகலாம் என்ற கட்டுரை 2021இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்து மிகுதியாக வாசிக்கப்பட்டது. படங்களிலும் முடிவுகளிலும் எழுந்த ஐயங்களுக்குப்பின் 2025இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. ஆய்விதழில் வந்தது என்பதே இறுதிச் சான்று ஆகாது என்பதை இது காட்டுகிறது.

இவை அனைத்திலும் அறிவிப்பு உரத்த குரலில் வருகிறது. மறுப்பு சந்தாதாரர் மட்டும் படிக்கும் இதழில் வருகிறது. அறிவிப்பின் காணொளிகள் இணையத்தில் தங்கிவிடுகின்றன. மறுப்பைக் காணாத வாசகர் பழைய செய்தியையே அறிவாகக் கொள்கிறார்.

மதிப்பீடு

இச்சிக்கலை நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான சண்டையாகக் காண்பது பொருந்தாது. மேசா கல்வெட்டையும், ‘தாவீதின் வீடு’ என்னும் தொடருடன் 1993இல் கிடைத்த தாண் கல்வெட்டையும் ஆய்வுலகம் ஏற்றது. தாவீதின் வரலாற்றுத்தன்மையை ஐயுற்றவர்களும் தாண் கல்வெட்டுக்குப் பின் தம் வாதத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. சான்று தெளிவாக இருந்தால் விவிலியத்திற்குச் சாதகமாக அமைவது அதற்குத் தடையாவதில்லை. மறுதலையாக, ஏபால் தகட்டை ஏற்காதவர் விவிலியத்தைப் பொய் என்று கூறுபவராகவும் ஆகமாட்டார். எழுத்தைக் காணவில்லை என்று மட்டுமே அவர் கூறுகிறார்.

இத்தகைய செய்தியைப் படிக்கும் மாணவர் சிலவற்றைக் கவனித்தால் போதும். பொருள் அகழாய்வின் எந்த அடுக்கில் கிடைத்தது, அல்லது சந்தையிலிருந்து வந்ததா? படங்கள் பிறர் பார்க்க வெளியிடப்பட்டுள்ளனவா? குழுவைச் சாராத எழுத்தியல் அறிஞர் ஒருவரேனும் அதே எழுத்துகளைப் படித்துள்ளாரா? ஈயத் தகட்டைப் பொறுத்தவரை முதல் வினாவுக்கு விடை கழிவு மண். இரண்டாவதற்கு விடை தாமதமான, தெளிவற்ற படங்கள். மூன்றாவதில்தான் வாதம் சரிகிறது.

இதில் இழப்பு அடைவது பண்டைய யூத சமயத்தின் வரலாறே. 1967 முதல் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பிலுள்ள பகுதியில் இம்மலை இருப்பதால், நிலத்தின் உரிமை பற்றிய அரசியலும் ஒவ்வொரு அறிவிப்புடன் ஒட்டிக்கொள்கிறது. அதற்கிடையில் செர்தால் அகழ்ந்த கட்டடம் உண்மையில் என்ன, இரும்புக் காலத் தொடக்கத்தில் அம்மலையில் கூடியவர் யார், சாம்பலும் எலும்பும் எவ்வகை வழிபாட்டைக் காட்டுகின்றன என்னும் நல்ல வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு எழுத்தே இல்லாமல் விடை தேட முடியும். படிக்க இயலாத தகடு ஒன்று அம்மலையைப் பற்றிய பேச்சு முழுவதையும் எடுத்துக்கொண்டிருப்பதே இச்செய்தியின் பெருங்குறை.