ஆசிரியன் போன பிறகு

ஒரு நூலை மதிப்பிட எனக்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. எழுதியவன் யார் என்பதை மறந்துவிட்டுப் படித்தால் நூல் நிற்கிறதா, விழுகிறதா என்று பார்ப்பது. இது நாவலுக்கு மட்டும் உரியதல்ல. பலர் சேர்ந்து இலவசமாக வளர்க்கும் புரோகிராம்களுக்கும், அவற்றுக்காக ஏற்படுத்தப்படும் இணையதளங்களுக்கும் இதைவிடப் பொருத்தமான சோதனை வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். காம்பிங் என்ற சின்ன சிருஷ்டியின் கதை அதற்கு நல்ல உதாரணம்.

இணையதளம் கட்டுகிறவன் ஒவ்வொரு தடவையும் அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பிக்க முடியாது. வாசகன் எந்தப் பக்கத்தைக் கேட்கிறான் என்று தெரிந்துகொள்வது, அதை உரிய பகுதிக்கு அனுப்புவது, பதிலைப் பக்கமாக்கித் தருவது ஆகிய பொதுக் காரியங்களை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் சட்டத்துக்கு ஃப்ரேம்வொர்க் என்று பெயர். ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழியில் 2004-ல் ரெயில்ஸ் என்ற பெரிய ஃப்ரேம்வொர்க் வந்தது. 2006-ல், ‘வொய் த லக்கி ஸ்டிஃப்’ என்ற விசித்திரமான புனைபெயரில் எழுதிவந்த ஒருவர் காம்பிங்கை வெளியிட்டார். முழுவதும் 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட விதி. 4 கிலோபைட் என்றால் 4096 பைட். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு 3 பைட் செலவாகிறது. நீங்கள் படிக்கிற இந்தக் கட்டுரையில் பாதிகூட அதற்குள் அடங்காது!

இத்தனை சிறிதாக்க அவர் இடைவெளிகளை நீக்கினார். பெயர்களை ஓரெழுத்தாகச் சுருக்கினார். பார்த்தால் மந்திரம் மாதிரி இருக்கிறது, படிக்க முடியாது. ஆனால் அதோடு நிற்கவில்லை அவர். அதே புரோகிராமை அகல விரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் உரை எழுதி, இன்னொரு பிரதியும் வைத்தார். சூத்திரமும் உரையும் ஒரே கையால். சூத்திரம் சாமர்த்தியம், அவ்வளவுதான். உரைதான் இலக்கியம் என்று சொல்லத் தகுந்தது. படிக்கிறவனை முட்டாளாக நினைக்காமல், பண்டிதனாகவும் நினைக்காமல், தோளில் கை போட்டுப் பேசுகிற நடை அது.

ரூபி கற்பதற்கு அவர் எழுதிய ‘பாய்னன்ட் கைட்’ என்ற பாடநூலும் இதே நடைதான். கேலிச் சித்திரங்களும், பேசும் நரிகளும், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கிளைக் கதைகளும் நிறைந்தது. பாடம் மட்டும் வேண்டும் என்பவனுக்குப் பொறுமை போய்விடும். எனக்குமே சில இடங்களில் ஆசிரியர் தம்மை ரசித்துக்கொள்வது கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறது. ஆனாலும் அவர் குரலுக்காகவே ரூபி பக்கம் வந்தவர்கள் பலர்.

2009 ஆகஸ்ட் 19-ல் அவர் மறைந்தார். இறந்துபோகவில்லை, இணையத்திலிருந்து மறைந்தார். அவருடைய தளங்கள், புரோகிராம்கள், குழந்தைகளுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லித் தர அவர் நடத்திய ‘ஹாக்கெட்டி ஹாக்’ எல்லாம் ஒரே நாளில் இல்லாமற் போயின. முதல் நாள் பாதிப் பாடத்தில் நிறுத்தியிருந்த ஒரு சிறுவன், மறுநாள் திறந்தால் வெற்றிடம்.

அது துரோகம் என்றார்கள் சிலர். எழுதியவன் உரிமை என்றார்கள் சிலர். நான் இரண்டாவது கட்சி. யாரிடமும் காசு வாங்காமல் கொடுத்தவன், போதும் என்று எழுந்து போக உரிமை உள்ளவனே. அவன் எழுந்து போனால் வீடே கூடப் போய்விடுகிற மாதிரி கட்டியிருந்ததுதான் குறை. ஒருவன் பெயரில், ஒருவன் சாவியில், எல்லாம் இருந்தன.

நல்ல வேளை, பிரதிகள் இருந்தன. கிட் என்ற முறையில் ஒரு புரோகிராமைப் பிரதி எடுத்தால் அதன் சரித்திரம் முழுவதும் கூடவே வந்துவிடும். உரிமமும் மறு பிரசுரத்தை அனுமதித்தது. பலர் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். காம்பிங் மறுபடி எழுந்தது. இனி அது வாசகர்களின் சொத்து.

இப்படி எழுந்த சிறு கூட்டத்துக்கு ஒரு தளம் திட்டமிடுகிறபோது என்ன வேண்டும்? விமரிசகன் என்ற முறையில் என் யோசனைகள் கொஞ்சம்தான். முதல் பக்கத்திலேயே, அப்படியே எடுத்து ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரு சிறு புரோகிராம் இருக்க வேண்டும், வர்ணனை பிறகு. கற்க வருகிறவனுக்குப் பாடமும், தெரிந்தவனுக்கு அகராதியும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் இருவருக்கும் உபயோகமில்லை. எந்தப் பதிப்புக்கு உரிய விளக்கம் என்று பக்கத்துக்குப் பக்கம் போட வேண்டும். தளத்தின் பெயரும் சாவியும் இரண்டு மூன்று பேரிடமாவது இருக்க வேண்டும். தளம் முழுவதையும் யாரும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வழி வேண்டும். பொதுக் களஞ்சியம் காப்பாற்றும் என்று இருந்துவிடுவதும் சரியல்ல. ரூபிக்காரர்கள் நம்பியிருந்த ரூபிஃபோர்ஜ் 2014-ல் மூடப்பட்டது. கூகிள் கோட் 2016-ல் மூடப்பட்டது.

வேண்டாதது ஒன்று உண்டு: ஆடம்பரம். பத்துப் பேர் கூடுகிற இடத்துக்கு ஆயிரம் பேர் மண்டபம் கட்டுகிறார்கள். செய்திக்கு ஒரு பகுதி, பேட்டிக்கு ஒரு பகுதி, விருதுக்கு ஒரு பகுதி. மூன்று வருஷத்துக்கு முந்தைய செய்தியே முகப்பில் கிடந்தால், வருகிறவன் வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பிவிடுவான். நிரப்ப முடியாத அறையைக் கட்டாமலிருப்பதே நல்லது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குழுவாக எழுதுகிற விளக்கம் அநேகமாகச் சப்பென்றுதான் இருக்கும். பத்துப் பேர் திருத்தினால் தவறு போகும். குரலும் கூடவே போய்விடும். அதற்காகப் போனவருடைய குரலை இரவல் வாங்கி எழுதினால் போலியாகும். நேரான, எளிய பாடத்தைக் குழு தன் சொந்த வார்த்தைகளில் முன்னால் வைக்கட்டும். அவருடைய உரைப் பிரதியைக் கை வைக்காமல் பின்னால் அப்படியே வைக்கட்டும். அந்த உரைப் பிரதி இன்றும் கிடைக்கிறது. இங்கிலீஷ் தெரிந்த வாசகர்கள் ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டும் என்கிற அவசியம்கூட இல்லை.