பதினோராயிரம் படம் வந்தது, பேர் வரவில்லை

“டெலிட் ஆன போட்டோவை ஐந்தே நிமிடத்தில் மீட்கலாம்” என்று தமிழில் எழுதுகிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் நிறைய. அவை எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனா பாதி உண்மைதான். மீதிப் பாதியை என் சொந்தத் தப்பில் கற்றுக்கொண்டேன். அதற்காக இந்தக் குறிப்பு.

2023இல் முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸை மறுபடி போட உட்கார்ந்தேன். இருபது வருடமாக மென்பொருள் வேலை பார்க்கிறவன், கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். அப்படித்தான் செய்திருக்கிறேன் போல. சி என்று நினைத்து டி பார்டிஷனை ஃபார்மேட் பண்ணி, அதன் மேலேயே விண்டோஸையும் ஏற்றிவிட்டேன். டியில் இருந்தது அப்பா ஸ்கேன் செய்து வைத்த குடும்பப் படங்கள். ரிட்டயர் ஆன பிறகு, 2009இலிருந்து, ஆல்பம் ஆல்பமாகப் பிரித்து அவர் செய்த வேலை. அப்பா 2019இல் இறந்துவிட்டார்.

முதலில் செய்த ஒரே சரியான காரியம், கம்ப்யூட்டரை உடனே அணைத்ததுதான். ஒரு கோப்பை அழித்தாலும், வேகமான ஃபார்மேட் செய்தாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் பதிவேடுதான் போகிறது. நூலகத்தில் அட்டவணை எரிந்துபோனால் புத்தகங்கள் அலமாரியிலேயே இருப்பது மாதிரி. ஆனால் அந்த அலமாரியில் புதுப் புத்தகம் வைக்க வைக்க, பழையது போய்க்கொண்டே இருக்கும். அதனால் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதக்கூடாது, மீட்பு மென்பொருளையும் அதில் நிறுவக்கூடாது. “டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணுங்க” என்று ஆரம்பிக்கிற அறிவுரைகள் எந்த டிஸ்க்கில் என்று சொல்வதில்லை. இது சின்ன விடுபடல் இல்லைங்க, அந்த ஒரு படியிலேயே படங்கள் போய்விடலாம்.

லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிம்பமாக எடுத்து, அந்தப் பிம்பத்தின் மேல் போட்டோரெக் ஓட்டினேன். கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய இலவச, திறமூல மென்பொருள். அது பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து, கோப்பு வகைகளின் ஆரம்ப அடையாளத்தைத் தேடுகிறது. ஜேபெக் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகள். அங்கிருந்து படத்தை வெட்டி எடுக்கும். ஒரே கோப்பு டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடந்தால், மேல் பாதியில் முகமும் கீழ்ப் பாதியில் சாம்பல் பட்டையுமாக வரும்.

ராத்திரி முழுக்க ஓடி பதினோராயிரத்துச் சொச்சம் படம் வந்தது. அதில் பிரவுசர் குப்பை, ஐகான் எல்லாம் கழித்தால் நாலாயிரத்துக்குக் கிட்ட நம் படங்கள். அந்த அறிவுரைகளின் கணக்குப்படி இது அமோக வெற்றி. அங்கேதான் எனக்கு அவற்றோடு சண்டை.

அப்பா ஒவ்வொரு படத்துக்கும் கோப்புப் பேராகவே விவரம் போட்டிருந்தார். “1968 பெரியத்தை கல்யாணம், இடப்பக்கம் வில்லியனூர் மாமா” என்கிற மாதிரி. கோப்பின் பேர் கோப்புக்குள் இருப்பதில்லை, பதிவேட்டில்தான் இருக்கிறது. அந்தப் பதிவேட்டின் மேல்தான் நான் புது விண்டோஸை எழுதியிருந்தேன். போட்டோரெக் தந்தது எஃப் என்ற எழுத்தும் ஒரு நீளமான எண்ணும் மட்டும். கேமராவில் எடுத்த படங்களுக்காவது உள்ளேயே தேதி இருக்கும். ஸ்கேன் செய்த படத்தில் 1968 எங்கே இருக்கும்? மென்பொருளைக் குறை சொல்லவில்லை, சொன்னதைச் செய்தது. குறை, “படம் வந்தாச்சா, முடிஞ்சது” என்று நினைக்கிற நம் அளவுகோலில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்கலாம். ரங்கப்பிள்ளை வீதிக்குப் பேர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து நாட்குறிப்பு எழுதினார். 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் விழுந்த அதே நாட்களில் இறந்தார். அதன் பிறகு ஊரையே இடித்தார்கள். குடும்பத்தார் வசம் கிடந்த கையெழுத்துத் தொகுதிகளை 1846இல் கலுவா மொம்பிரேன் வெளிக்கொண்டுவந்தார். பிரதி எடுக்கப்பட்டது. இன்னொரு பிரதி பாரீஸ் போனது. 1890களில் சென்னை அரசுக்காக ஒரு பிரதி எடுத்தார்கள், அதை வைத்து 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இடையிடையே நாட்கள் இல்லை. ஆனால் இருப்பது இன்று நம் கையில் இருக்கிறது, மூன்று ஊரில் நகல் இருந்ததால்.

பீட்டர் கிரோ என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 விதியை எல்லோரும் சொல்கிறார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். பிள்ளையின் நாட்குறிப்பு யாரும் திட்டமிடாமலே அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனா அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் ஒவ்வொரு நாளின் பதிவையும் வருஷம், மாசம், தேதி, கிழமை போட்டுத்தான் தொடங்குகிறார். ஓலைச்சுவடியில் ஏட்டின் ஓரத்தில் எண் போடுவதும் இதே புத்திதான். கயிறு அறுந்து ஏடுகள் சிதறினாலும் அடுக்கிவிடலாம். விவரம் பொருளோடு ஒட்டியே இருக்கிறது, தனிப் பதிவேட்டில் இல்லை. 3-2-1 விதி பிரதிகளை எண்ணுகிறது, இதைக் கேட்பதில்லை.

நம் காலத்திலும் இதற்கு வழி உண்டு. ஜேபெக் கோப்புக்குள்ளேயே தலைப்பும் விவரமும் எழுத இடம் இருக்கிறது. டிஜிகேம், எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருட்கள் தமிழிலேயே அதை எழுதும். அப்படி எழுதியிருந்தால் போட்டோரெக் வெட்டி எடுத்த முழுப் படங்களில் அப்பாவின் வரிகளும் கூடவே வந்திருக்கும். இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அவர் கேட்டார்கூட: “பேரை இங்க போட்டா போதுமாடா?” “போதும்பா” என்றேன்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, கூகுள் போட்டோஸில் இருக்கிறது, அதுவே பேக்கப் என்கிறார்கள். அது ஒத்திசைவு. பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலியில் அழித்தால் மேகத்திலும் குப்பைக்குப் போய், 60 நாளில் நிரந்தரமாகப் போய்விடும். நம் தப்பையும் விசுவாசமாக நகலெடுப்பது பேக்கப் ஆகாது. இரண்டு, என் அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள். அது பழைய ஹார்ட் டிஸ்க். இன்றைய எஸ்எஸ்டியில் டிரிம் என்ற வசதி, அழித்த இடத்தை டிஸ்க்கே துடைத்துவிட வழி செய்கிறது. அங்கே பெரும்பாலும் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது.

நானும் முழுசாகத் திருந்தவில்லை. மீட்டதை வெளி டிஸ்க்கில் போட்டு, அதே மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் ஊரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. வீட்டுக்குள் தண்ணி வந்தபோது சிபியூவைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு, அரை மணி கழித்துத்தான் இழுப்பறை ஞாபகம் வந்தது. நல்லவேளை, தண்ணி ஒரு சாண் கீழே நின்றது. இப்போது ஒரு பிரதி திருச்சியில் தங்கை வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவள் பத்துப் படத்தைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படங்களுக்குப் பேர் எழுதுகிறேன். அம்மாவுக்கு 74. இதுவரை அறுநூற்றுச் சொச்சம் ஆகியிருக்கிறது. போன வாரம் ஒரு படம்: ஸ்டுடியோ திரைக்கு முன்னால் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “உங்கப்பாவுக்குத்தாண்டா தெரியும்” என்றார். அந்தக் கோப்பு இன்னும் எண்ணாகவே இருக்கிறது.

உங்கள் வீட்டில் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே பேரைக் கேட்டு, படத்துக்குள் எழுதிவிடுங்கள். டிஸ்க் வாங்குவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.