நாக்கு மறந்த இனிப்பு

சிறுகுறிஞ்சான் இலை இரண்டைப் பறித்து நன்றாக மென்று, சாறு நாக்கு முழுக்கப் படும்படி அரை நிமிடம் வைத்திருந்து துப்பிவிட்டு, ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுப் பாருங்கள். வெல்லம் மண்ணாகிவிடும். கடிபடுவது தெரியும், கரைவது தெரியும், இனிப்பு மட்டும் இருக்காது. சர்க்கரையைப் போட்டால் ஆற்று மணலை மென்ற மாதிரி இருக்கும். இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள், நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்கின்றன. பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்தியில் இதற்கு குட்மார் என்று பேர், வெல்லத்தைக் கொல்வது என்று பொருள்.

எனக்கு இதைச் செய்து காட்டியவர் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர். வெல்லத்தை மண்ணாக்கிக் காட்டிவிட்டு, "நாக்குல இருக்கிற சர்க்கரையையே கொன்னுடுச்சு, ரத்தத்துல இருக்கிறத விட்டுடுமா சார்?" என்றார். இதைவிட நல்ல விற்பனைப் பேச்சை நான் கேட்டதில்லை. நூறு கிராம் பொடி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். நாக்குக்கும் ரத்தத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்ற யோசனை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. ஆயுர்வேதத்தின் சர்க்கரை வைத்தியத்தை எடைபோட அந்தத் தூரத்தைத்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

பழைய நூல்களிலிருந்து தொடங்கலாம். சரக சம்ஹிதையும் சுஸ்ருத சம்ஹிதையும் பிரமேகம் என்ற தலைப்பின்கீழ் சிறுநீர் சார்ந்த இருபது நோய்களைச் சொல்கின்றன. கபத்தால் பத்து, பித்தத்தால் ஆறு, வாதத்தால் நான்கு. சிறுநீர் தேன் போல ஆகும் மதுமேகம் வாதத்தின் நான்கில் ஒன்று. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதையும் அந்த வைத்தியர்கள் கவனித்திருக்கிறார்கள். லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன், சிறுநீரைச் சுண்டவைத்து அதிலிருப்பது சர்க்கரைதான் என்று காட்டியது 1776இல். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே இனிப்பைக் கண்டுகொண்டவர்கள் இவர்கள். பிறவியிலேயே வரும் மேகம், தப்பான உணவாலும் நடத்தையாலும் வரும் மேகம் என்று இரண்டாகவும் பிரித்தார்கள். முன்னது மெலிந்தவருக்கு, பின்னது பருத்தவருக்கு என்ற குறிப்பைப் படிக்கும் இன்றைய மருத்துவர் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருவார்.

அதைவிட என்னை ஈர்ப்பது நோய்க்குக் காரணமாக அவர்கள் தரும் பட்டியல். உட்கார்ந்தே இருக்கும் சுகம், தூக்கச் சுகம், தயிர், பால், புது அரிசி, வெல்லப் பண்டங்கள், நீர்நிலைப் பிராணிகளின் கொழுத்த இறைச்சி. ஒரு ஐடி கம்பெனி ஊழியரின் வாரத்தைப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது. சுஸ்ருதர் சொல்லும் சிகிச்சை இன்னும் கறார். ஏழை நோயாளி செருப்பும் குடையும் இல்லாமல், பிச்சை ஏற்று, ஒரு ஊரில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காமல், நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும். யோசனை என்பது எத்தனை மைல் என்பதில் கணக்குகள் வேறுபடும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் பல நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. வசதி உள்ளவன் சாமை போன்ற தானியங்களைத் தின்று காட்டில் திரிய வேண்டும். கிணறு வெட்டுவதும் வைத்தியத்தில் சேர்த்தி. மெலிந்த நோயாளியை மட்டும் இப்படி வருத்தாமல் பராமரிக்கச் சொல்கிறார்.

இந்தப் பகுதி காலத்தின் சோதனையில் தேறிவிட்டது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளியாயின. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து, சுமார் மூன்று ஆண்டு பார்த்தார்கள். தனியாக எதுவும் செய்யாமல் விட்ட குழுவில் 55 சதவீதம் பேர் நோயாளி ஆனார்கள். நடையும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லப்பட்ட குழுவில் அது 39 சதவீதம்தான். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். நடையோடு மாத்திரையைச் சேர்த்ததால் கூடுதல் லாபம் ஒன்றும் கிடைக்கவில்லை. பருத்த நோயாளியை நடக்க வைத்த சுஸ்ருதர் சரியான பக்கம்தான் நின்றிருக்கிறார்.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். கபத்தால் வரும் மேகங்களைக் குணப்படுத்தலாம், பித்தத்தால் வருபவற்றைக் கட்டுக்குள் வைக்கலாம், வாதத்தால் வருபவை தீராதவை என்று சரகர் எழுதிவைத்தார். மதுமேகம் அந்தக் கடைசி வரிசையில் இருக்கிறது. தன் கையிலிருக்கும் வைத்தியம் எங்கே தோற்கும் என்பதை நூலிலேயே எழுதிவைக்கும் நேர்மை எல்லா மரபுகளுக்கும் வாய்ப்பதில்லை. அந்த மரபின் பேரால்தான் இன்று, "தொண்ணூறு நாளில் சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு" என்று யூடியூபில் விளம்பரம் வருகிறது. சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024இல் கண்டிக்க, நிறுவனத்தார் செய்தித்தாள்களில் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த வாரமும் எங்கள் தெருமுனைச் சுவரில் நிரந்தரத் தீர்வு போஸ்டர் புதிதாக ஒட்டப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், 13 கோடிப் பேருக்கு மேல் வாசலில் நிற்பவர்கள். இத்தனை பெரிய சந்தையை யார் விடுவார்கள்?

இனி பழைய நூல்களின் குறைகள். அவை சிறுநீரைப் பார்த்தன, ரத்தத்தைப் பார்க்க அவற்றுக்கு வழியில்லை. ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பெரும்பாலோருக்குச் சிறுநீரில் இனிப்பு இறங்கும். வெறும் வயிற்றில் 126 வந்தாலே இன்று சர்க்கரை நோய் என்கிறோம். ஆக எறும்பு வந்து சேரும்போது கண்ணிலும் சிறுநீரகத்திலும் சேதம் தொடங்கியிருக்கலாம். இருபது வகை மேகங்களில் பலவற்றைப் பிரித்தது சிறுநீரின் நிறம், தெளிவு, வாடை இவற்றை வைத்து. அவற்றுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. கணையம் படத்திலேயே கிடையாது. உணவுப் பட்டியலில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெல்லத்தை விலக்கும் அதே மரபு தேனை அனுமதிக்கிறது, ஏனென்றால் தேன் கபத்தை அறுக்குமாம். குளுகோமீட்டருக்குக் கபம் தெரியாது. தேனை அது சர்க்கரையாகத்தான் கணக்கில் வைக்கும்.

பிறவி மேகத்தைத் தனியாகப் பிரித்தார்கள் என்றேன். பிரிக்க முடிந்தது, காப்பாற்ற முடியவில்லை. இன்சுலின் முதன்முதலில் ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது 1922இல். அதுவரை உலகின் எந்த வைத்தியத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கு வழி இல்லை. இன்றும் முதல் வகை நோயுள்ள குழந்தைக்கு ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுத்தால் சில நாளில் உயிருக்கே ஆபத்து. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

மருந்துகளுக்கு வருவோம். சிறுகுறிஞ்சானை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சண்முகசுந்தரம் குழுவினர். 1990இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், வழக்கமான மாத்திரையோடு தினம் 400 மில்லிகிராம் இலைச் சத்தை 22 நோயாளிகள் 18 முதல் 20 மாதம் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை இறங்கியது, ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 22 பேர், சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்படாதவர்கள். வேங்கையை வைத்து ஐசிஎம்ஆர் 1990களில் பல ஊர்களில் நடத்திய சோதனையில் 97 பேரில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதில் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்த குழு கிடையாது. சர்க்கரைக்கான ஆயுர்வேத மருந்துகளைப் பற்றி அதுவரை நடந்திருந்த சோதனைகளை மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011இல் சலித்துப் பார்த்தபோது சேர்த்துக்கொள்ளத் தகுதி பெற்றவை ஏழு, மொத்தம் 354 பேர். சில மருந்துகள் சர்க்கரையைக் குறைப்பதாகத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல இது போதாது என்று முடித்தார்கள். பிரிட்டனில் 1977இல் தொடங்கிய ஒரே ஒரு ஆய்வில் 5,102 பேரைச் சேர்த்து இருபது ஆண்டு நடத்திய பிறகுதான், இரண்டாம் வகை நோயில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்பது நிலைபெற்றது. பொடி சாப்பிட்டவரின் கண் இருபது வருஷம் கழித்து எப்படி இருந்தது என்று பார்த்த இப்படியொரு ஆய்வு நம்மிடம் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் மாமா ஞாபகத்துக்கு வருகிறார். குமரி மாவட்டத்துக்காரர். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி என்பதால் அங்கே ஆயுர்வேதம் சித்த வைத்தியத்துக்குச் சரிசமமாகப் புழங்கும். வெறும் வயிற்றில் 190 வந்ததும் அவர் போனது மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வைத்தியரிடம். மஞ்சளும் தேற்றான்கொட்டையும் சேர்ந்த நிசாகதகாதி கஷாயம் இரண்டு வேளை. கூடவே பத்தியம்: தயிர் கூடாது, பகல் தூக்கம் கூடாது, ராத்திரி புரோட்டா கூடவே கூடாது, விடிகாலையில் கால்வாய்க் கரையோரம் ஒரு மணி நேரம் நடை. மூன்று மாதத்தில் ஏழு கிலோ இறங்கினார், சர்க்கரை 118 ஆனது. வீட்டுக்கு யார் வந்தாலும் அலமாரியைத் திறந்து கஷாய பாட்டிலை எடுத்துக் காட்டுவார். தேய்ந்துபோன செருப்பை ஒருநாளும் காட்டியதில்லை. மருந்துக்கு எவ்வளவு பங்கு, பத்தியத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடியாது, வைத்தியராலும் முடியாது. பிரித்துப் பார்க்கத்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்கிறார்கள்.

இதற்கு ஆயுர்வேத அன்பர்களின் பதில் எனக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் பிரகிருதி, அதாவது உடல்வாகு, வேறு, மருந்தும் வேறு, எல்லாருக்கும் ஒரே மாத்திரை கொடுத்துச் சோதிக்கும் முறை எங்களுக்குப் பொருந்தாது என்பார்கள். நாடி பார்த்து, உடல்வாகு கேட்டு, வாரம் ஒருமுறை மருந்தை மாற்றும் வைத்தியர் இப்படிச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. அவர் முறையையே முழுதாக ஒரு குழுவுக்குக் கொடுத்துச் சோதிக்க வழியும் உண்டு. ஆனால் ஒரே பொடியை டப்பாவில் அடைத்து, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை எல்லா பிரகிருதிக்கும் விற்பவர் இந்த வாதத்தை எடுக்கக் கூடாது. டப்பாவில் அடைத்த அன்றே அவர் தனி ஆள் என்ற கொள்கையைக் கைவிட்டாயிற்று.

மூலிகை என்பதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. மெட்ஃபார்மினே ஐரோப்பாவின் கலீகா என்ற செடியின் வழியாக வந்ததுதான். அந்தச் செடியின் சத்து சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. வேதியியலார் அதன் சாயலில் பாதுகாப்பான மூலக்கூறைச் செய்ய, பிரெஞ்சு மருத்துவர் ஜீன் ஸ்டெர்ன் 1957இல் நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்று ஒரு கொடி. அதன் கட்டையைக் குடைந்த குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது அங்கே ஆயுர்வேத வழக்கம். அதிலிருந்து சலசினால் என்ற பொருளை ஜப்பானியர்கள் 1990களில் பிரித்தெடுத்தார்கள். குடலில் மாவுச்சத்து உடைவதை அது மட்டுப்படுத்துகிறது. குவளையில் விஷயம் இருக்கிறது. எவ்வளவு இறங்குகிறது, பத்தாவது நாளும் அதே அளவு இறங்குமா என்பதைத்தான் குவளையால் சொல்ல முடியாது.

உலோக மருந்துகளை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. மேகத்துக்கு என்று சொல்லப்படும் திரிவங்க பஸ்மத்தில் ஈயம், வெள்ளீயம், துத்தநாகம் மூன்றும் உண்டு. முறையாகப் புடம் போட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்கிறார்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்க ஆய்வாளர்கள் வாங்கிச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சர்க்கரை மருந்து மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் சாப்பிடுவது. ஏற்கெனவே சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்புள்ள நோயாளிக்கு ஈயத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் ஆகாது என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். மூலிகையிலும் எச்சரிக்கை தேவைதான். சீந்திலால் ஈரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். பாகற்காய்ச் சாற்றைச் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துக் குடித்து, சர்க்கரை தாழ்ந்து மயங்குபவர்களும் உண்டு. டாக்டரிடம் பொடியைச் சொல்வதில்லை, வைத்தியரிடம் மாத்திரையைச் சொல்வதில்லை. இந்த மறைப்பில் பாதிப் பழி டாக்டர்களுக்கும்தான். பொடி என்றதும் சிடுசிடுக்கிறவரிடம் யார் வாயைத் திறப்பார்கள்?

போன வருஷம் அத்தையையும் மாமா பார்த்த அதே வைத்தியரிடம் அழைத்துப் போனோம். வெறும் வயிற்றில் 112. அவர் முதலில் லேப் ரிப்போர்ட்டைத்தான் கேட்டார். நாடியைப் பிறகு பார்த்தார். ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதினார்: பகலில் படுக்கக் கூடாது, ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பாடு, சோறு பாதி, பயறு ஒரு கை கூட, தினம் ஒரு மணி நேரம் நடை, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கணும். "மருந்து இப்போ வேண்டாம்மா," என்று சொல்லி, பீஸ்கூட வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அத்தை ஒன்றும் பேசவில்லை. அங்கே வந்ததும், "இவ்வளவு தூரம் வந்து ஒரு மருந்துகூடக் குடுக்கலியே, இவரு என்ன வைத்தியரு," என்றபடி எதிரே இருந்த நாட்டு மருந்துக் கடைக்குள் போய், சிறுகுறிஞ்சான் பொடி நூறு கிராம் வாங்கிக்கொண்டு வந்தாள்.