நீட்டுவதும் இழுத்தடிப்பதும்

லெங்தன், எக்ஸ்டெண்ட், ப்ரொலாங் மூணுக்கும் தமிழில் "நீட்டு" என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம். எனக்கு இது சரியாப் படலை.

எங்க எலவனாசூர்கோட்டையில் பேண்ட் குட்டையானால், தையல்காரரிடம் மடிப்பைப் பிரித்து இறக்கிவிடச் சொல்வோம். அது லெங்தன். ரோட்டை அடுத்த ஊர்வரை நீட்டுவதும், கட்டணம் கட்டும் கெடுவை நீட்டிப்பதும் எக்ஸ்டெண்ட். ப்ரொலாங் பெரும்பாலும் காலத்துக்குத்தான்: ஆயுளுக்கும் வரும், வாய்தா வாங்கி இழுத்தடிக்கும் வழக்குக்கும் வரும்.

பவணந்தியாரின் நன்னூல் இன்னும் கறார். நிழல் 'நீழல்' ஆனால் நீட்டல். தண்துறை 'தண்ணந்துறை' ஆனால் விரித்தல். குறிலை நெடிலாக்குவது வேறு, நடுவில் எழுத்தைச் சேர்ப்பது வேறு.

இவ்வளவு சொல் கையில் இருந்தும் "வழக்கு நீட்டிக்கப்பட்டது" என்று எழுதுகிறோமே, ஏன்? இழுத்தடித்தவர் அந்த வாக்கியத்தில் சுலபமாகத் தப்பிவிடுகிறார்.