முன்னால் இருப்பவருக்கு மட்டும்

காது கேட்கும் கருவி விளம்பரங்களில் இப்போது ஒரே பேச்சு: எவ்வளவு சந்தடியான உணவகமானாலும் எதிரே இருப்பவர் குரல் தெளிவாகக் கேட்கும். அது பொய்யல்ல. கருவிக்குள் சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மைக்குகள். பின்னாலிருந்து வரும் ஒலி முதலில் பின் மைக்கையும், சுமார் 30 மைக்ரோவிநாடி கழித்து முன் மைக்கையும் தொடுகிறது. அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பின்பக்கச் சத்தம் அடங்கிவிடும். நேர்த்தியான பொறியியல். எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோலக் கூட்டிய பழைய கருவிகளோடு மல்லாடியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

கேட்க வேண்டிய பேச்சு முன்னாலிருந்துதான் வரும், மற்றதெல்லாம் இரைச்சல் என்று கருவி முன்கூட்டியே முடிவுகட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கல்யாணப் பந்தியில் நம்மோடு பேசுகிறவர் பக்கத்து இலைக்காரர்; எதிரே இருப்பது சாம்பார் வாளி. அடுப்படியில் நிற்கும் பாட்டியைப் பேரன் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் கூப்பிடுகிறான். லாரியின் ஹாரனும் பின்னாலிருந்துதான் வருகிறது. சூழலுக்கேற்பத் தானாக மாறும் கருவிகள் உண்டு. ஆனால் அவற்றில் பலவும் சந்தடி கூடும்போதுதான் முன்பக்கமாகக் குறுகுகின்றன. பக்கத்திலிருப்பவர் குரல் நழுவுவதும் அப்போதுதான்.

ஆய்வகச் சோதனைகளிலும் பெரும்பாலும் பேச்சு நேர் முன்னாலிருந்தும் இரைச்சல் பின்னாலோ சுற்றிலுமோ இருந்தும் வருகிறது. அனுமானத்தையே சோதனையாக அமைத்துவிட்டால் மதிப்பெண் ஏன் குறையப்போகிறது?

“வேண்டியவர் பக்கம் தலையைத் திருப்பினால் போதுமே” என்று வக்காலத்து வாங்குகிறார்கள். கூப்பிடுவது காதில் விழுந்தால்தானே திரும்ப முடியும்? எந்தப் பக்கம் திரும்புவது என்றும் தெரிய வேண்டும். இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம், அதிகபட்சம் சுமார் 0.7 மில்லிவிநாடி, மூளைக்குத் திசை சொல்கிறது. இரு காதுக் கருவிகளையும் இணைத்து நான்கு மைக்குகளால் இன்னும் குறுக்குவதே இன்றைய மோகம். கடுமையாகக் குறுக்கும்போது இரு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஒலி போகிறது. அந்த வித்தியாசம் அழிகிறது. தலையைத் திருப்பச் சொல்பவர்களே திசையையும் பறித்துக்கொள்கிறார்கள். இதை முன்னேற்றம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வீட்டுப் பெரியவர்களுக்குக் கருவி வாங்கப் போகிறவர்கள் ஆடியாலஜிஸ்டிடம் கட்டாயம் கேளுங்கள்: எல்லாத் திசையும் கேட்கும் நிலைக்கு அவர்களே மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா? பக்கத்திலும் பின்னாலும் நின்று பேசிப் பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.